முதல் வரியை வீட்டார் சொல்லட்டும்

விசேட தேவையுள்ள ஒரு பிள்ளைக்கென்று பாடசாலை எழுதும் தனியாள் கல்வித் திட்டப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் பெற்றோரின் கையொப்பத்துக்கென்று ஒரு கோடு இருக்கும். பல பாடசாலைகளில் வீட்டாரின் பங்கு அந்தக் கோட்டில் தொடங்கி அந்தக் கோட்டிலேயே முடிந்துவிடுகிறது. திட்டம் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். ஆசிரியர் வாசிப்பார், தாய் தலையாட்டுவார். "நீங்க சொல்ற மாதிரியே செய்வம் டீச்சர்" என்பார். பேனை கைமாறும். அடுத்த ஆண்டு அதே கோவையைத் திறந்தால் திகதி மட்டும் மாறியிருக்கும், இலக்குகள் அப்படியே இருக்கும்.

இதற்கு ஆசிரியரின் அக்கறையின்மை காரணமில்லை. ஒரே விசேட கல்வி அலகில் பல வயதுப் பிள்ளைகள், ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு தேவை, மேலே வலயக் கல்வி அலுவலகத்துக்குக் காட்டவேண்டிய கோவைகள் என்று நெருக்கடி இருக்கிறது. ஆனாலும் பிள்ளை பாடசாலையில் இருப்பது காலை 7.30 முதல் பிற்பகல் 1.30 வரைதான். மீதிப் 18 மணித்தியாலமும் வீட்டில். எதைக் கண்டால் சிரிப்பான், எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்துவான், எந்தக் கையால் சோறு பிசைவான், இரவில் எத்தனை தடவை எழும்புவான் என்பதெல்லாம் தாயின் நினைவில் இருக்கிறது. அதைத் தாளுக்குக் கொண்டுவருவதுதான் திட்டம் எழுத வீட்டாரோடு கூடும் கூட்டத்தின் வேலை. கதிரை போடும் விதம் முதல் கையெழுத்து வாங்கும் நாள் வரை மற்றதெல்லாம் அந்த ஒரு வேலைக்காகத்தான்.

பிள்ளைக்குப் பிள்ளை எழுத்தில் ஒரு திட்டம் வேண்டும் என்பதை அமெரிக்கா 1975ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் மூலம் கட்டாயமாக்கியது. அங்கே கூட்டத்தில் யார் இருக்கவேண்டும் என்பதும் சட்டத்தில் உண்டு: பெற்றோர், பொது வகுப்பு ஆசிரியர் ஒருவர், விசேட கல்வி ஆசிரியர் ஒருவர், பரிசோதனை முடிவுகளை விளக்கக்கூடியவர், பொருத்தமானால் பிள்ளையும். இவர்களோடு, என்னென்ன வளங்கள் உண்டு என்பதை அறிந்த, கல்வி நிர்வாகத்தின் பிரதிநிதி ஒருவரும் இருக்கவேண்டும். இந்தக் கடைசி ஆளைத்தான் நாம் அதிகம் மறந்துபோகிறோம். இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனமொன்றில் அனுமதி மறுக்கக்கூடாது என்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. ஆனால் கூட்டத்தை எப்படி நடத்துவது என்பது இங்கே பெரும்பாலும் அந்தந்தப் பாடசாலையின் கையில்தான் இருக்கிறது. நன்றாக நடத்த எவருடைய உத்தரவுக்கும் காத்திருக்கத் தேவையில்லை.

அழைப்பிலிருந்து தொடங்குவோம். பாடசாலையிலிருந்து போன் வந்தால் இந்தப் பெற்றோருக்கு நெஞ்சு திக்கென்கும். இதுவரை வந்த அழைப்புகளெல்லாம் கடித்துவிட்டான், ஓடிவிட்டான், வந்து கூட்டிப்போங்கள் என்பவையாகத்தானே இருந்திருக்கும். ஆகவே அழைப்பவரின் முதல் வசனம் "ஒரு பிரச்சினையும் இல்லை, பிள்ளை நல்லா இருக்கான்" என்று இருக்கட்டும். பிறகு எதற்காகக் கூடுகிறோம், யார் யார் இருப்பார்கள், எவ்வளவு நேரம் எடுக்கும் என்று சொல்லுங்கள். கூட்டத்துக்கு 10 நாட்களுக்கு முன்பாவது இந்தப் பேச்சு நடந்துவிட வேண்டும். பிள்ளையின் கையில் கடிதம் கொடுத்தனுப்பினால் அது பையின் அடியில் கசங்கிக் கிடக்கும். வாட்ஸ்அப்பில் எழுதுவதைவிடக் குரல் பதிவு நல்லது. வாசிக்கச் சிரமப்படும் தாயும் அதைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம், கணவருக்கும் போட்டுக்காட்டலாம். முதல் நாள் மாலை இன்னொரு சின்ன நினைவூட்டல்.

அதே அழைப்பில் நான்கு கேள்விகளைக் கொடுத்துவிட வேண்டும். ஒன்று, காலையில் எழும்பியதிலிருந்து பாடசாலைக்கு வெளிக்கிடும்வரை பிள்ளை யாருடைய உதவியும் இல்லாமல் செய்வது என்ன, உதவியோடு செய்வது என்ன? இரண்டு, கையில் கொடுத்தால் அழுகையை நிறுத்தும் பொருள், விளையாட்டு, பாட்டு எவை? மூன்று, பிள்ளை கத்தி அழுவதற்கோ அடிப்பதற்கோ சற்று முன்பு என்ன நடந்திருக்கும்? நான்கு, அடுத்த தைப்பொங்கலுக்குள், அல்லது அடுத்த நோன்புப் பெருநாளுக்குள், பிள்ளை தானாகச் செய்ய வேண்டும் என்று நீங்கள் ஆசைப்படும் ஒரு காரியம் எது?

நான்காவது கேள்வியை "உங்கள் எதிர்பார்ப்புகள் என்ன" என்று கேட்டுப்பாருங்கள், "நல்லாப் படிக்கணும்" என்ற பதில் வரும். திகதியும் ஒரு காரியமும் வைத்துக் கேட்டால் வேறு பதில் வருகிறது. "கடைக்குக் கூட்டிப்போனா கையை உதறிட்டு ரோட்டுக்கு ஓடாம இரிக்கணும்." "பசிச்சா பசிக்குது எண்டு காட்டணும்." "நான் குளிக்கப் போற நேரம் பத்து நிமிசம் தனிய இரிந்தாப் போதும்." இவற்றில் எதைத் தொட்டாலும் ஒரு நல்ல இலக்கு கிடைக்கும். எழுத முடியாத வீட்டார் பதிலைக் குரல் பதிவாக அனுப்பட்டும். ஆசிரியர் அதை அவர்கள் சொன்ன சொல்லிலேயே தாளில் எழுதிக்கொள்ளலாம். "சமூகத் திறன் குறைபாடு" என்று திருத்தி எழுத வேண்டாம்.

யாரை அழைப்பது என்பதில் நம் ஊரின் வழமையைக் கவனிக்க வேண்டும். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும், தமிழரிடமும் முஸ்லிம்களிடமும், கலியாணம் முடிந்தபின் மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவதே பெருவழக்கு. வீடு பெண்ணின் பெயரில் இருக்கும். அம்மம்மாவோ உம்மம்மாவோ அதே வளவில் அல்லது அடுத்த வளவில் இருப்பார், பெரியம்மா சித்திமாரும் கூப்பிடு தூரத்தில் இருப்பார்கள். பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதும் குளிப்பாட்டுவதும் பல வீடுகளில் அம்மம்மாதான். "இனி ஊட்ட வேண்டாம், கரண்டியைக் கையில் குடுப்பம்" என்று தாயிடம் மட்டும் பேசி முடித்தால் வீட்டில் அது நடக்காது. பேரன் பசியோடிருப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க அம்மம்மாவால் முடியாது. காரணத்தை அவரே காதால் கேட்டு, கேள்வி கேட்டு, ஒப்புக்கொள்ள வேண்டும். ஆகவே "பெற்றோர் வரவும்" என்று பொதுவாகச் சொல்லாமல், "வீட்டில பிள்ளையைக் கூடப் பார்க்கிறது யார்? அவவையும் கூட்டிட்டு வாங்க" என்று கேட்க வேண்டும்.

தாய் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போயிருக்கும் வீடுகளும் உண்டு. பிள்ளையைப் பற்றி முடிவெடுக்கும் இடத்தில் அவரும் இருக்க வேண்டும். சவூதி, குவைத், கட்டார் நேரம் நமக்கு 2½ மணித்தியாலம் பிந்தியது, துபாயும் ஓமானும் 1½ மணித்தியாலம். இங்கே காலை 9.00 மணி என்றால் கட்டாரில் 6.30. வீட்டு வேலை செய்பவருக்கு அது கடும் நெருக்கடியான நேரம். நேரடி அழைப்புக்கு வற்புறுத்தாமல் அந்த நான்கு கேள்விகளுக்கும் முதல்நாள் இரவே குரல் பதிவில் பதில் வாங்கி, கூட்டத்தில் எல்லோருக்கும் போட்டுக்காட்டுங்கள். தந்தை வெளிநாட்டில் என்றாலும் இதுவே வழி. பாடசாலை தரும் தாள்களில் சட்டப்படி கையெழுத்திடக்கூடிய பாதுகாவலர் யார் என்பதை மட்டும் முன்கூட்டியே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

பாடசாலைப் பக்கத்தில் நான்கு பேருக்கு மேல் வேண்டாம். விசேட கல்வி ஆசிரியர், பிள்ளை போய்வரும் பொது வகுப்பின் ஆசிரியர், அதிபர் அல்லது பிரதி அதிபர், தேவையானால் வலயத்திலிருந்து ஆசிரிய ஆலோசகர். ஒரு தாய்க்கு எதிரே ஏழு உத்தியோகத்தர்கள் வரிசையாக இருந்தால் அவர் வாய் திறக்க மாட்டார். அதிபர் வருவது மரியாதைக்காக மட்டுமல்ல. மலசலகூடக் கதவின் தாழ்ப்பாள், சாய்தளம், நேரசூசியில் ஒரு பாடவேளை மாற்றம் போன்றவற்றுக்கு "சரி, செய்யலாம்" என்று அந்த இடத்திலேயே சொல்லக்கூடியவர் அவர்தான். அவர் இல்லாத கூட்டத்தில் "கேட்டுச் சொல்லுறம்" என்ற பதிலே மிஞ்சும்.

பேச்சுச் சிகிச்சையாளரும் தொழிற்சிகிச்சையாளரும் வைத்தியசாலையை விட்டுக் கூட்டத்துக்கு வருவது அரிது. அடுத்த கிளினிக் திகதிக்கு முன் தாயின் கையில் ஒரு தாள் கொடுத்தனுப்பினால் பாதி வேலை முடிந்துவிடும். அதில் இரண்டே கேள்விகள் போதும்: இப்போது எந்தப் பயிற்சி நடக்கிறது? பாடசாலையில் அதை எப்படித் தொடர்வது? கிளினிக் கொப்பியில் இரண்டு வரி எழுதித் தந்தாலும் போதுமானது.

நாள் பார்ப்பது சின்னக் காரியமாகத் தெரியும். ஆனால் வராத பெற்றோரில் பலர் நாளால்தான் வராமல் போகிறார்கள். பெரும்போக வெள்ளாமை வெட்டும் மாசி, பங்குனியிலும், சிறுபோக வெட்டு நடக்கும் ஆவணியை ஒட்டிய நாட்களிலும் வயற்காரத் தந்தையை எதிர்பார்க்க முடியாது. கார்த்திகை முதல் தை வரை மாரி வெள்ளம் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை வீதிகளை மறிக்கும். வாவியில் இரவு வலை போட்டவர் காலையில்தான் கரையேறுவார். முஸ்லிம் குடும்பங்களுக்கு வெள்ளிக்கிழமை வேண்டாம், நோன்பு மாதத்தில் பிற்பகலும் வேண்டாம். கூலிக்குப் போகிறவருக்கு அரைநாள் கூட்டமென்றால் அன்றைய கூலி முழுவதும் போய்விடும். இரண்டு நேரங்களைச் சொல்லி அவரையே தெரிவு செய்யச் சொல்லுங்கள். பிள்ளையைக் கொண்டுவந்து விடும் காலை வேளையே பெரும்பாலும் நல்லது. திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பஸ்ஸை நினைத்துக்கொண்டிருப்பவர் எதற்கும் ஆமென்று சொல்லிவிடுவார்.

இடம்: அதிபரின் அறை வேண்டாம். பெரிய மேசைக்கு அப்பால் ஒருவரும் இப்பால் மற்றவர்களும் இருந்தால் அது விசாரணையாகிவிடும். வகுப்பறையொன்றில் ஒரே உயரமான கதிரைகளை வட்டமாகப் போடுங்கள். ஆசிரியர் பெரிய கதிரையிலும் தாய் முதலாம் தரப் பிள்ளையின் குட்டிக் கதிரையிலும் இருக்கும் காட்சி இன்னும் நடக்கிறது, அதை ஒழிக்க வேண்டும். வெளியே காத்திருக்கும் மற்றப் பெற்றோருக்குச் சத்தம் கேட்கக்கூடாது. ஒரு தாய் தன் பிள்ளை 11 வயதிலும் பாயை நனைப்பதைச் சொல்லும் இடம் அது. இந்தப் பிள்ளையையும் கூடவந்த தம்பி தங்கையையும் பார்த்துக்கொள்ள ஒருவரை ஏற்பாடு செய்துவைக்க வேண்டும். இல்லையென்றால் தாயின் கண் முழு நேரமும் கதவில்தான் இருக்கும்.

பிள்ளை கூட்டத்தில் இருக்க வேண்டுமா? முடிந்தவரை இருக்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. சிறு பிள்ளையென்றால் முதல் 10 நிமிடம் இருந்து, தான் வரைந்ததையோ அடுக்கியதையோ காட்டிவிட்டுப் போகட்டும். 12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குத் தன் விருப்பத்தைச் சொல்லவோ படத்தில் சுட்டிக்காட்டவோ ஒரு பங்கு வேண்டும். பிள்ளை அருகில் இருக்கும்போது அவனுடைய குறைகளை அவன் இல்லாததுபோல் பேசக்கூடாது. பேசமுடியாத பிள்ளைக்குக் கேட்கும், விளங்கும்.

இன்னொரு விதி, இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது: கெட்ட செய்தியைக் கூட்டத்தில் முதன்முதலாகச் சொல்லாதீர்கள். வைத்திய அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். நுண்ணறிவு ஈவு (IQ) என்று ஒரு இலக்கம், ஓட்டிசம் என்று ஒரு சொல். அதை நாலு பேர் முன்னால் கேட்ட தாய்க்கு அதன்பின் பேசப்படும் எதுவும் காதில் விழாது. கூட்டத்துக்குச் சில நாட்களுக்கு முன் விசேட கல்வி ஆசிரியர் தாயோடு தனியே இருந்து, வரி வரியாகத் தமிழில் சொல்லி, அழ வேண்டுமென்றால் அழ நேரம் கொடுத்து, கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட வேண்டும். பிள்ளை விசேட அலகுக்குப் போவதா பொது வகுப்பில் இருப்பதா என்ற பேச்சும் அப்படியே.

கூட்டத்துக்கு 50 நிமிடம் போதும். அறிமுகத்துக்கு 5. வீட்டார் பேச 10. பாடசாலை கண்டதைச் சொல்ல 10. இலக்குகளுக்கு 15. யார் எதை எப்போது செய்வது என்பதற்கு 7. எழுதியதை உரக்க வாசித்துக்காட்ட 3. இந்த வரிசையில் வீட்டார் முதலில் பேசுவதை மாற்றாதீர்கள். ஆசிரியர் முதலில் பேசிவிட்டால் தாய் தான் கொண்டுவந்ததை விழுங்கிவிட்டு, ஆசிரியர் சொன்னதற்கு ஒத்தூதத் தொடங்கிவிடுவார். "பாடசாலையில் தனியே சாப்பிடமாட்டான்" என்று ஆசிரியர் சொல்லிவிட்டால், வீட்டில் பிட்டைத் தானே எடுத்துச் சாப்பிடுகிறான் என்ற உண்மை வெளியே வராது. அந்த உண்மைதான் நமக்கு வேண்டியது. பிட்டை எடுப்பவன் சோற்றை ஏன் எடுப்பதில்லை? கையில் ஒட்டுவது பிடிக்கவில்லையா? இங்கிருந்துதான் திட்டம் பிறக்கும்.

வீட்டாரின் மௌனம் ஒப்புதலாகாது. நம் பக்கத்தில் பெரியவர் முன், படித்தவர் முன், மறுத்துப் பேசுவது மரியாதையில்லை என்ற பழக்கம் ஆழமானது. "விளங்கினதா?" என்று கேட்டால் எல்லோரும் "ஓம்" என்பார்கள். கேள்வியை மாற்றுங்கள்: "நாளைக்குக் காலமை வீட்டில இதைச் செய்யப்போறீங்க எண்டா முதல்ல என்ன செய்வீங்க?" "இதில வீட்டுக்குச் சரிவராதது எது?" கேட்டபின் 10 வினாடி பேசாமலிருங்கள். அந்த 10 வினாடி நெடுநேரமாகத் தோன்றும், அதை நிரப்பிவிடும் ஆசை வரும். பொறுத்திருந்தால் தாய் பேசுவார். அவர் பேசும்போது போனைப் பார்ப்பதும் கோவையைப் புரட்டுவதும் அவரை அந்த இடத்திலேயே நிறுத்திவிடும்.

பாடசாலை பேசும் 10 நிமிடத்தில் உரிச்சொற்களைக் குறைத்து எண்ணிக்கையைக் கொண்டுவாருங்கள். "கவனம் மிகக் குறைவு" என்பது தாய்க்கு ஒரு குற்றச்சாட்டு. "மணி கோர்க்கும்போது 6 நிமிடம் இருப்பான், எழுத்து வேலையில் 1 நிமிடத்தில் எழும்புவான்" என்பது தகவல், வழியும் காட்டுகிறது. கூட்டத்துக்கு முந்திய வாரத்தில் மூன்று நாட்கள் எண்ணிக் குறித்தால் இது கையில் இருக்கும். கோபம், அடித்தல், கடித்தல் போன்றவற்றுக்கு மூன்று கட்டம் போட்ட தாள் போதும்: அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தான், அதன்பின் என்ன கிடைத்தது. வீட்டாரும் அதே தாளில் மூன்று நாட்கள் குறித்துவந்தால், இரண்டையும் பக்கத்தில் வைத்தவுடனே பெரும்பாலும் காரணம் தெரிந்துவிடும். இடைவேளை மணி அடிக்கும்போதெல்லாம் கத்துபவன் வீட்டில் மிக்ஸி போடும்போதும் கத்துகிறான் என்றால், நாம் பேசவேண்டியது ஒழுக்கத்தைப் பற்றியல்ல, சத்தத்தைப் பற்றி.

பழி சொல்லும் பேச்சுக்கு இந்த அறையில் இடமில்லை. சொந்தத்தில் கலியாணம் முடித்ததால், போனில் கார்ட்டூன் காட்டியதால், வயிற்றில் இருக்கும்போது பயந்ததால், கண்ணூறு பட்டதால் என்று அந்தத் தாய் ஊரில் எல்லோரிடமும் கேட்டாயிற்று. மாமியாரோ தந்தையோ கூட்டத்தில் அந்தப் பேச்சை எடுத்தால், நடத்துபவர் அமைதியாக இடைமறித்து, "இனி என்ன செய்யலாம் எண்டதுக்குத்தான் இண்டைக்கு இருக்கிறம்" என்று திருப்ப வேண்டும். கோயிலில் நேர்த்தி வைத்ததையோ பள்ளிவாசலில் ஓதிப்பார்த்ததையோ ஏளனம் செய்யவும் கூடாது. கிளினிக்கையும் மருந்தையும் நிறுத்தாமல் இருக்கிறார்களா என்பதை மட்டும் கேட்டால் போதும்.

இனி இலக்குகள். ஒரு தவணைக்கு மூன்று, அதிகம் போனால் நான்கு. படிவத்தில் பன்னிரண்டு கட்டம் இருக்கிறதென்று பன்னிரண்டையும் நிரப்பினால் ஒன்றும் நடக்காது. "தொடர்பாடல் திறனை விருத்தி செய்தல்" என்று எழுதினால் அது நடந்ததா இல்லையா என்று எவராலும் சொல்ல முடியாது. ஆகவே இப்படி எழுதுங்கள்: "இரண்டாம் தவணை முடிவதற்குள், தாகமெடுத்தால் தண்ணீர்ப் போத்தலின் பட அட்டையை எடுத்து அருகிலுள்ள பெரியவரின் கையில் கொடுப்பான், 5 தடவையில் 4 தடவை, யாரும் நினைவூட்டாமல்." எப்போதுக்குள், எந்தச் சூழலில், என்ன செய்வான், எவ்வளவு, எவ்வளவு உதவியோடு என்ற ஐந்தும் அந்த ஒரு வசனத்தில் இருக்கின்றன. அட்டையில் இணையத்தில் எடுத்த படம் வேண்டாம். அவனுடைய சொந்தப் போத்தலைப் போனில் படமெடுத்து, நாலு அங்குலச் சதுரத்தில் அச்சிட்டு லமினேட் செய்து, பாடசாலைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. இரண்டும் ஒரே படமாக இருக்க வேண்டும்.

மலசலகூடப் பழக்கத்தை எடுத்துக்கொள்வோம். வீட்டார் அதிகம் கேட்பதும் திட்டத்தில் மிக மோசமாக எழுதப்படுவதும் இதுதான். முதலில் வீட்டில் குந்தும் வகையா, இருக்கும் வகையா, வளவில் தள்ளி இருக்கிறதா, இரவில் வெளிச்சம் உண்டா என்று கேளுங்கள். வீட்டில் குந்துபவனைப் பாடசாலையில் இருத்திப் பழக்கினால் இரண்டையும் குழப்பிக்கொள்வான். பிறகு காரியத்தைப் படிகளாக உடையுங்கள்: தெரிவித்தல், நடந்துபோதல், களிசானை இறக்குதல், குந்துதல், கழுவுதல், வாளித் தண்ணீர் ஊற்றுதல், களிசானை மேலே இழுத்தல், சவர்க்காரம் போட்டுக் கைகழுவுதல். எட்டுப் படி. ஒவ்வொன்றுக்கும் எதிரே, தானாகச் செய்கிறானா, சொன்னால் செய்கிறானா, கைபிடித்தால் செய்கிறானா என்று வீடும் பாடசாலையும் தனித்தனியே குறிக்க வேண்டும். இரண்டு நிரலும் ஒத்துப்போகாத படியில்தான் பேச வேண்டியது இருக்கிறது.

கற்பிப்பதைக் கடைசியிலிருந்து தொடங்கலாம். களிசானை இழுப்பதென்றால் இடுப்புக்கு இரண்டு அங்குலம் கீழ்வரை நீங்கள் இழுத்துவிட்டு, மிச்சத்தை அவனிடம் விடுங்கள். காரியம் முடிந்தது என்ற திருப்தி அவன் கையில் கிடைக்கும். அடுத்த வாரம் தொடைவரை, பிறகு முழங்கால்வரை. கொழுக்கியும் பொத்தானும் உள்ள சீருடைக் களிசானுக்குப் பதில் இறப்பர் நாடா வைத்த களிசானுக்கு அதிபர் அந்தக் கூட்டத்திலேயே அனுமதி கொடுத்தால், பல மாதப் போராட்டம் ஒரு நாளில் குறையும். எந்த நேரத்தில் கூட்டிப்போவது என்பதற்கு, வீட்டார் 5 நாட்கள் உடுப்பு நனையும் நேரங்களைக் குறித்துவரட்டும். வழக்கமான நேரத்துக்குக் கால் மணித்தியாலம் முன்னர் கூட்டிப்போனால் வெற்றி கிடைக்கத் தொடங்கும். முதல் நாட்களில் நனைத்தால் திட்டக்கூடாது என்பதை அம்மம்மாவிடமும் சொல்லி வையுங்கள்.

வீட்டுக்குக் கொடுக்கும் வேலை ஒன்றே ஒன்றாக இருக்கட்டும், அதுவும் அவர்கள் எப்படியும் செய்யும் காரியத்துக்குள் இருக்கட்டும். "தினமும் அரை மணித்தியாலம் பயிற்சி கொடுங்கள்" என்று மூன்று பிள்ளை, கோழி, அடுப்பு, கடனடைக்கும் தையல் மெசின் என்று ஓடும் தாயிடம் சொல்வது அவரைக் குற்றவாளியாக்குவது. சாப்பாட்டு நேரம் இரண்டு தட்டைக் காட்டி "எது வேணும்?" என்று கேட்பது, குளிக்கும்போது உடம்பின் உறுப்புகளைச் சொல்லிச் சொல்லிக் கழுவுவது போன்றவை 10 நிமிடத்துக்குள் முடியும், நேரம் தனியே ஒதுக்கத் தேவையில்லை. வீட்டுக்கு ஒரு வேலை என்றால் பாடசாலைக்கும் ஒரு வேலையை அதே தாளில், செய்பவரின் பெயரோடும் திகதியோடும் எழுத வேண்டும். "பாடசாலை செய்யும்" என்று எழுதினால் எவரும் செய்யமாட்டார்.

கருத்து வேறுபாடு வரும். மிகக் கூர்மையாக வருவது பொது வகுப்பா, விசேட அலகா என்பதில். பாடசாலை "அலகுதான்" என்கும், தந்தை "எங்கட பிள்ளையை அங்க போட வேணாம்" என்பார். அந்த இடத்தில் வாக்கெடுப்பு வேண்டாம். ஒவ்வொருவரும் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று கேளுங்கள். தந்தையின் பயம் ஊரின் பேச்சாக இருக்கலாம், ஆசிரியரின் பயம் 40 பிள்ளைகள் உள்ள வகுப்பில் இவனுடைய பாதுகாப்பாக இருக்கலாம். முடிவை ஆறு வார முயற்சியாக எழுதலாம்: காலை இரண்டு பாடவேளை பொது வகுப்பில், எந்த ஆசிரியர், யார் அருகில் இருப்பார், எதை எண்ணுவோம், எந்தத் திகதியில் மறுபடி இருப்போம். பரீட்சை எழுதக்கூடிய பிள்ளையென்றால், மேலதிக நேரம், எழுத உதவியாளர் போன்ற சலுகைகளுக்கு வைத்தியச் சான்றோடு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் அதே தாளில் குறித்து, ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். கடைசி நேரத்தில் நினைவு வந்தால் பயனில்லை. உதவிப்பணம், சக்கர நாற்காலி, காது கேள்கருவி என்று வந்தால் பிரதேச செயலகத்தின் சமூக சேவைகள் உத்தியோகத்தருக்கு ஒரு குறிப்பு எழுதித் தாயின் கையில் கொடுங்கள். வாயால் "அங்க போய்க் கேளுங்க" என்றால் அவர் மூன்று மேசைகளில் ஏறி இறங்கித் திரும்புவார்.

பதிவு ஒரு பக்கத்துக்குள், தமிழில், கையால் எழுதியதாக இருந்தாலும் பரவாயில்லை. கூட்டம் நடத்துபவரே எழுதக்கூடாது, வேறொருவர் எழுதட்டும். பக்கத்தின் முதல் வரி, நான்காவது கேள்விக்கு வீட்டார் சொன்ன பதில், அவர்கள் சொன்னபடியே. முடிவில் முழுவதையும் உரக்க வாசித்துக் காட்டி, அன்றைக்கே போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுங்கள். கையெழுத்தை அன்றைக்கே கேட்காதீர்கள். போர்க்காலம் கண்ட குடும்பங்கள் இவை. என்ன எழுதியிருக்கிறதென்று முழுதாகத் தெரியாத தாளில் பேர் வைக்கத் தயங்குவது நியாயம். வீட்டுக்குக் கொண்டுபோய், வாசிக்கத் தெரிந்த பெரியம்மாவின் மகளிடம் வாசித்துக்கேட்டு, கணவரோடு பேசி, ஒரு வாரத்தில் கொண்டுவரட்டும். மாற்றம் கேட்டால் மாற்றுங்கள். தாளைப் படமெடுத்து அனுப்புவதென்றால் பாதுகாவலரின் போனுக்கு மட்டும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு பிள்ளையின் திட்டமோ வைத்திய அறிக்கையோ தவறிப்போய் விழுந்தால் அந்தக் குடும்பம் மறுபடி அந்தப் படலையைத் தாண்டி வராது.

அதன்பின் ஆறாவது வாரம் 10 நிமிடப் போன் அழைப்பு ஒன்று: வீட்டு வேலை நடக்கிறதா, எங்கே நின்றுபோயிற்று, எண்ணிக்கை என்ன. நடக்கவில்லையென்றால் வேலையை மாற்ற வேண்டும், தாயை அல்ல. தவணை முடிவில் 20 நிமிடம் மறுபார்வை. இடையில் பையில் போய்வரும் ஒரு சின்னக் கொப்பி, ஒரு நாளைக்கு மூன்று வரி: இன்று என்ன சாப்பிட்டான், எதில் சந்தோசப்பட்டான், எது கடினமாக இருந்தது. முறைப்பாட்டை அந்தக் கொப்பியில் எழுத வேண்டாம், அதற்குப் போன் இருக்கிறது. எழுதத் தெரியாத வீட்டுக்கு, சிரித்த முகம், சாதாரண முகம், அழும் முகம் என்று மூன்று படம் வரைந்து வட்டமிடச் சொன்னால் போதும்.

ஆண்டு முடிவில் ஆசிரியர் மாறினால், பழைய ஆசிரியர், புதிய ஆசிரியர், தாய் மூவரும் கால் மணித்தியாலம் சேர்ந்திருக்கும்படி புதிய வகுப்புத் தொடங்குமுன் ஏற்பாடு செய்யுங்கள். கோவையை மட்டும் கைமாற்றினால் புதியவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குவார். எட்டுப் படியில் எத்தனை முடிந்தது, எந்தப் பட அட்டை வேலை செய்தது, எதைக் கண்டால் காதைப் பொத்துவான் என்பதைத் தாயே புதிய ஆசிரியருக்குச் சொல்லட்டும், பழைய ஆசிரியர் விடுபட்டதைச் சேர்க்கட்டும். லமினேட் செய்த அட்டைகளையும் இறப்பர் நாடாக் களிசானுக்கான அனுமதிக் கடிதத்தையும் அந்தக் கோவையிலேயே செருகி வையுங்கள்.